எல்லார் தலைக்கும் தலைப்பாகை

நான் வரைந்த தலைப்பாகைகளைப் பற்றி அஞ்சுகிராமத்தில் யாரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் ஒருவனுக்காவது ஒழுங்காக ஒரு மூக்கு வரையத் தெரியுமா? எனக்குத் தெரியும். நான் சித்திரப் பள்ளியில் படித்தவன்.

நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தின வருஷம் அது. எங்கு பார்த்தாலும் ஊர்வலமும் கூட்டமுமாக இருந்த நேரம். சந்தைக்குப் பின்னால் என் கருப்பட்டிக் கடையை ஒட்டி ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. திடீரென்று அதைத் திறந்தார்கள், எலி வளைகளை அடைத்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். 'மக்கள் சித்திரப் பள்ளி. பெரியவர்களுக்கு மட்டும். மாலை வகுப்பு. கட்டணம் இல்லை' என்று வாசலில் பலகை தொங்கியது.

எனக்கு இலவசம் என்றாலே சந்தேகம். கருப்பட்டியில் ருசி பார்க்க ஒரு துண்டு கிள்ளிக் கொடுப்பதைத் தவிர நான் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. அந்தத் துண்டுகூட ஆளை மடக்கத்தான். ஆகவே இவர்கள் யாரை மடக்கப் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வருவதற்காக முதல் நாள் சாயங்காலமே உள்ளே போனேன். கேட்பது என்றால் என் வழக்கப்படி கேட்பது. நாலு கடைக்கு அப்பாலும் சத்தம் கேட்கும்.

உள்ளே ஞானபாய் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். பகலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக்கொடுப்பவர். சென்னைக்குப் போய்ச் சித்திரம் படித்துவிட்டு வந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். வயதில் எனக்கு ரொம்பவும் இளையவர். நான் போட்ட சத்தம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பலகையையும் தாளையும் என் கையில் திணித்தார்.

"சத்தம் போட்டாச்சுல்லா அண்ணாச்சி? இனி உக்காருங்க. அந்தச் சொம்பெ வரையிங்க."

உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பூவரசங்குச்சிகளைத் தகர டப்பாவில் அடைத்துச் சுட்ட கரியைக் கொடுத்தார்கள். பிழையாகப் போட்ட கோட்டை அழிப்பதற்கு ஒரு ரொட்டித் துண்டு. தின்கிற பண்டத்தால் கரியைத் துடைக்கச் சொன்ன இடத்தை நான் அன்றுதான் பார்த்தேன். நான் வரைந்த சொம்பு பூசணிக்காயாக வந்தது. இருந்தாலும் வீட்டுக்குப் போகும்போது என் விரலெல்லாம் கரி, மனசெல்லாம் சந்தோஷம். என் மனைவி சொர்ணம்மாள் கதவைத் திறந்தவுடன், "சந்தையில யாரு மூஞ்சியில குத்திட்டு வாறியோ?" என்று கேட்டாள். என் குணத்துக்கு அவள் அப்படிக் கேட்டதில் தப்பில்லை.

அன்றிலிருந்து கடையைச் சாத்தியதும் கிட்டங்கிக்குத்தான். கொத்தனார் நேசையன் வருவார். லேஸ் பின்னுகிற சத்தியபாய் வருவாள். பண்ணை வீட்டுப் பகவதியப்பன் வருவார். வயலும் தோப்பும் உள்ள குடும்பம். எங்களோடு பாயில் உட்காரக் கூச்சப்பட்டு வீட்டிலிருந்து ஒரு மணைப்பலகை கொண்டுவந்து சுவரோரமாகப் போட்டுக்கொள்வார். மெதுவாகத்தான் பேசுவார். மாடும் மரமும் அவர் கையில் அழகாக வரும். மனுஷ முகம் என்றால் கை விறைத்துவிடும்.

அவருக்குப் பின்னால் பலகையையும் அரிக்கேன் விளக்கையும் சுமந்துகொண்டு முத்துநாயகம் வருவார். பண்ணையில் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவர். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேர்கிறதா இல்லையா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். என்னைவிட மூத்தவர். விளக்கை உள்ளே வைத்துவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். ஊருக்குள் நடக்கும்போது தலையில் ஒரு துண்டைச் சுற்றியிருப்பார். பகவதியப்பனைக் கண்டால் அந்தத் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கை தானாகப் போகும், துண்டு தானாக இறங்கும்.

"நீங்களும் உள்ள வாருங்க, இது எல்லாருக்கும் உள்ள வகுப்புதான்" என்று டீச்சர் எத்தனையோ தடவை கூப்பிட்டார்.

"எனக்க கைக்கு மம்பட்டி போரும் டீச்சரே" என்று அவர் படியிலேயே இருந்துவிடுவார். ஆனால் உள்ளே நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

சொம்பும் வாழைப்பழமும் முடிந்து முகம் வரைகிற கட்டம் வந்தது. அதற்கு டீச்சர் ஒரு முறை வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருவர் எங்கள் நடுவில் நாற்காலியில் அசையாமல் உட்கார வேண்டும். மற்ற எல்லாரும் அவரை வரைய வேண்டும். முடிந்ததும் படங்களையெல்லாம் தரையில் பரப்பி வைப்போம். உட்கார்ந்தவர் அவற்றில் ஒன்றை எடுப்பார். எது வேண்டுமோ அது. ஏன் என்று கேட்கக் கூடாது. அப்படி எடுத்த படங்கள் மட்டுமே சித்திரை மாதம் நடக்கப்போகிற கண்காட்சியில் சுவரில் ஏறும், வரைந்தவர் பெயரோடு.

இதைக் கேட்ட மறுநாளே நான் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டேன், கண்காட்சிச் சுவரில் என் படம் இருக்கும் என்று. சொர்ணம்மாள் கன்னியாகுமரியில் இருக்கும் தன் பிறந்த வீட்டுக்கே சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் அண்ணன்மார் வண்டி பூட்டிக்கொண்டு வரப்போவதாகப் பதிலும் வந்துவிட்டது.

முதலில் உட்கார்ந்தவர் நேசையன். நான் உயிரைக் கொடுத்து வரைந்தேன். கண், மூக்கு, மீசை, சுண்ணாம்பு பட்டு வெளுத்த புருவம் எல்லாம் வந்தது. படங்களைப் பரப்பினோம். நேசையன் என் படத்தின் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"என்னவே இது? எனக்க தலையில என்ன வச்சிருக்கேரு?"

அப்போதுதான் நானே பார்த்தேன். நேசையன் தலையில் ஒரு தலைப்பாகை இருந்தது. மடிப்புக் கலையாமல், முன்பக்கம் கூராக, வெள்ளை வெளேர் என்று. நாற்காலியில் இருந்த நேசையனோ வெறுந்தலையோடு இருந்தார்.

"இதோட நான் சபைக்குள்ள போனேம்னா போதகரு பிரசங்கத்தெ நிறுத்திப்போட்டு என்னைய வெளிய அனுப்புவாரு ஓய். ஒமக்குத் துணியெ கெட்டினாத்தான் சாமி. எங்களுக்கு எடுத்தாத்தான் சாமி" என்றார் நேசையன். கிட்டங்கியே சிரித்தது. அவர் சத்தியபாய் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டார்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நாங்கள் அய்யாவழிக்காரர்கள். நாங்கள் கும்பிடுகிற நிழல்தாங்கலில் சிலை கிடையாது. ஒரு நிலைக்கண்ணாடி இருக்கும், அதன் முன்னால் விளக்கு இருக்கும். கும்பிடப் போகிற ஆண்பிள்ளை தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் அந்தக் கண்ணாடி முன்னால் நிற்பான். கண்ணாடியில் தெரிவது அவன் முகம்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு மனுஷ முகத்தை நின்று, நிதானமாக, மரியாதையோடு பார்த்தது அங்கேதான். அதனால் முகம் என்று வந்தால் என் கை நெற்றிக்கு மேலே தலைப்பாகையைத் தானாகக் கட்டிவிடுகிறது.

அது சும்மா துணியும் இல்லை. எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் தலையில் சுமை ஏற்றுவதற்குச் சும்மாடு சுற்றலாம், தலைப்பாகை கட்டக் கூடாது. பாரத்துக்கு என்றால் துணி, மரியாதைக்கு என்றால் கிடையாது. கட்டுங்கடா என்று சொல்லிக் கட்டவைத்தது எங்கள் அய்யா வழி. ஆகவே நான் கடையில் இருந்தாலும் சந்தையில் சண்டை போட்டாலும் என் தலையில் அது இருக்கும். தூங்கும்போதுதான் கழற்றுவேன்.

அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களுக்கும் அதே கதிதான். தபால்காரருக்குத் தலைப்பாகை. ரொட்டிக்கடைக்காரருக்குத் தலைப்பாகை. பகவதியப்பன் உட்கார்ந்த வாரம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தேன், அவருக்கும் வந்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்காமல், "கல்யாண மாப்பிள மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேறு படத்தை எடுத்தார். பெண்கள் உட்காரும் வாரத்தில் தலைப்பாகை வராது. ஆனால் சத்தியபாய் என் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதோடு அந்த வாரமும் போயிற்று. யார் உட்கார்ந்தாலும் வாசல்படியில் இருந்து முத்துநாயகம் எழுந்து வந்து என் படத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவரும் சிரிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து நான் முறைப்பேன்.

ஒரு நாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நேராக் கேக்கேன். தலையோட உருவம் ஒங்களுக்குத் தெரியாது. அதெ மறைக்கத்தான் துணியெ சுத்துதியோ."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நான் மறைக்கேனா? நானா?"

"கண்ணு என்ன பாக்குதோ அதெ கை போடணும். வீட்டுக்குப் போயி ஒங்க தலையெ நீங்களே தொட்டுப் பாருங்க. எலும்பு எங்க எறங்குது, எங்க மேடாவுதுன்னு பாருங்க. தொடாத தலையெ வரைய முடியாது."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அங்கே ஒரு ரகளை நடந்திருக்கும். சொன்னது டீச்சர். சொன்னது உண்மையும்கூட. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு, முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். துணி இல்லாமல் கண்ணாடி முன் இருப்பது அரையில் வேட்டி இல்லாமல் இருப்பது போல இருந்தது. இரண்டு கையாலும் தலையைத் தடவினேன். பின்மண்டை இப்படி வெளியே தள்ளியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சொர்ணம்மாள் வந்து பார்த்துவிட்டு, "தலவலியா? சுக்கு உரசித் தரட்டா?" என்றாள்.

கும்பப்பூ நெல்லறுப்பு முடிந்திருந்தது. உட்கார வேண்டியவர்கள் எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. கண்காட்சிக்கு முன்னால் ஒரு வாரம்தான் பாக்கி. என் படம் ஒன்றுகூட எடுபடவில்லை. ஒன்றுகூட! வண்டி பூட்டிக்கொண்டு வருகிற மச்சான்மாரிடம் எந்தச் சுவரைக் காட்டுவது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று டீச்சர் வாசலைப் பார்த்து, "இன்னைக்கு முத்துநாயகம் அண்ணன் உக்காருவாரு" என்றார்.

அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தோம். மறுக்கவில்லை. பகவதியப்பனைப் பார்த்தார். பகவதியப்பன் "இரி" என்று தலையசைத்தார். முத்துநாயகம் படியில் கால் தட்டிவிட்டு வந்து, இடுப்பில் சுற்றியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கண் தரையைப் பார்த்தது. அப்படியே இருந்தார்.

இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். அய்யாவை நினைத்துக்கொண்டேன். இந்த ஒரு முறை மட்டும் கண் பார்ப்பதைக் கை போட வேண்டும், வேறொன்றும் போடக் கூடாது. மண்டையிலிருந்து தொடங்கினேன். என் தலையைத் தடவிப் படித்த பாடம் கையில் நின்றது. பின்மண்டை சரியாக விழுந்தது. காது சரியான இடத்தில் உட்கார்ந்தது. அவர் குனிந்திருந்ததால் உச்சித் தலை நன்றாகத் தெரிந்தது. அங்கே வட்டமாக முடி தேய்ந்து தோல் மினுங்கியது. காலமெல்லாம் கதிர்க்கட்டும் உரமூட்டையும் சுமந்த தலை. சும்மாடு வைத்து வைத்து விழுந்த தடம். அதையும் விடாமல் போட்டேன். ரொட்டித் துண்டால் ஒற்றி அந்த மினுக்கத்தையும் கொண்டுவந்தேன்.

டீச்சர் என் பின்னால் வந்து நின்றார். "இதுதான் அண்ணாச்சி. இதுதான் தலை" என்றார்.

நேசையன் எட்டிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம் வே! தலப்பா எங்க போச்சு?" என்றார். அந்தக் கிட்டங்கியில் அன்று என்னைவிட உயரமானவன் யாரும் இல்லை. மச்சான்மார் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தது எனக்கு.

படங்களைப் பரப்பினோம். முத்துநாயகம் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். என் படத்திடம் வந்ததும் நின்றார். முகம் மாறியது. கை மெல்ல எழுந்து தன் உச்சித் தலையைப் பொத்திக்கொண்டது.

"இதெயும் வரஞ்சிட்டியளா அண்ணாச்சி?"

"நீங்கதானே அண்ணே அது. அச்சு அசல்" என்றேன்.

"நான்தான். இல்லேன்னு சொல்லல்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "கொத்தனாருக்கு வச்சிய, தபால்காரருக்கு வச்சிய, மொதலாளிக்கும் வச்சிய. எல்லாருக்கும் தலப்பா வச்சு வரஞ்சுட்டு எனக்கு மட்டும் சும்மாட்டுத் தடமா? நான் அதுக்காகத்தானே வந்து உக்காந்தேன்."

சிரிக்க வருகிறார் என்று நினைத்து நான் முறைத்தேனே, அந்த மனுஷன் ஒவ்வொரு வாரமும் வந்து பார்த்தது இதைத்தான். தன் முறை எப்போது வரும் என்று காத்திருந்திருக்கிறார். என் கை பிழையாகச் செய்தபோது ஊருக்கெல்லாம் மகுடம் வைத்தது. சரியாகச் செய்த அன்றைக்கு, கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டது.

கரியை எடுத்து அந்தப் படத்தின் மேலேயே ஒரு தலைப்பாகை போட்டுவிடலாமா என்று நினைத்தேன். டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். கண் பார்ப்பதைக் கை போட வேண்டும். சரி, அப்படியே ஆகட்டும்.

என் தலைப்பாகையின் முடிச்சைப் பிடித்து இழுத்தேன். துணி முழுவதும் அவிழ்ந்து தோளில் விழுந்தது. இத்தனை பேர் முன்னால் நான் வெறுந்தலையாக நின்றது அதுதான் முதல் தடவை. காது வழியாகக் காற்று புகுவது போல இருந்தது.

"திரும்ப உக்காருங்க அண்ணே" என்றேன்.

"என்ன செய்யப் போறிய?"

"உக்காருங்க."

அவர் உட்கார்ந்ததும் அவர் தலையில் துணியைச் சுற்ற ஆரம்பித்தேன். நிழல்தாங்கலுக்குப் போகும்போது எப்படிக் கட்டுவேனோ அப்படி. ஒரு சுற்றுக்கூட அலட்சியமாகச் சுற்றவில்லை. சும்மாட்டுத் தடம் மறைந்தது. முன்பக்கம் கூராக நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரத்தில் மணைப்பலகையில் இருந்த பகவதியப்பனைப் பார்த்தார்.

எல்லாருமே அவரைத்தான் பார்த்தோம். சத்தியபாய் கையில் இருந்த கரியைக் கீழே வைத்துவிட்டாள். பகவதியப்பன் அசையவில்லை. முத்துநாயகத்தின் கை மெதுவாகத் தலையை நோக்கி எழும்பியது, அவிழ்ப்பதற்கு.

"கையெ எறக்கு லேய்" என்றார் பகவதியப்பன்.

கை நின்றது. அந்த 'லேய்' காதில் விழுந்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவர் இன்னொரு வார்த்தை பேசட்டும், இந்தக் கிட்டங்கியில் இன்றைக்கு நடப்பது நாளைக்கு ஊர் முழுக்கப் பேச்சாகட்டும் என்று முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றேன்.

"டீச்சரே, எனக்கு இன்னொரு தாளு தாருங்க" என்றார் பகவதியப்பன். தாளை வாங்கிப் பலகையில் வைத்தார். மணையை இழுத்துக்கொண்டு எங்கள் பாய்க்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். "முத்து, தரையெ பாத்தா எப்படி நான் வரைவேன்? நாடியெ நிமித்து. என்னெப் பாரு."

முத்துநாயகம் நிமிர்ந்தார். அவர் கண் எந்த நிறம் என்று அன்றுதான் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் எல்லாரும் புதுத்தாள் எடுத்தோம். வரைந்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கிட்டங்கியில் கரி உரசுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

சொல்ல வெட்கப்படவில்லை: நான் என் வாழ்நாளில் வரைந்த மிக நல்ல படம் அது. மண்டை எலும்பு அறிந்து போட்ட தலைப்பாகை. துணிக்குள்ளே ஒரு தலை இருக்கிறது என்று தெரிகிற தலைப்பாகை. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இனி ஒங்களுக்குச் சொல்லித்தர எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றார். நேசையன்கூடக் கேலி பேசவில்லை.

மறுபடியும் படங்களைப் பரப்பினோம். முத்துநாயகம் தலைப்பாகையோடு நடந்து வந்தார். என் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். முகம் மலர்ந்தது. பிறகு அவர் நகர்ந்து போய்ப் பகவதியப்பன் படத்தைக் கையில் எடுத்தார்.

அது நல்ல படமே இல்லை. முகம் விறைத்திருந்தது. தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்து, கவிழ்த்த சோற்றுப்பானை மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது என்பது விதி. நான் கேட்கவில்லை, ஆனால் என் முகம் கேட்டிருக்க வேண்டும். முத்துநாயகம் என் அருகில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"ஒங்க படத்துலதான் அண்ணாச்சி நான் நல்லா இருக்கேன். அது எனக்குத் தெரியும். ஆனா இது மொதலாளி அவருக்க கையால வச்ச தலப்பா. அவரே வச்சுத் தந்துட்டு, இனி எறக்குன்னு சொல்ல ஒக்குமா?"

அன்று வீட்டுக்கு வெறுந்தலையோடு நடந்தேன். சந்தையில் பார்த்தவர்கள் எல்லாம் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். முதலில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பானையைக் கவிழ்த்தது போன்ற ஒரு படம், அது சுவரில் ஏறும், என்னுடையது ஏறாது. வாய்க்கால் பாலம் தாண்டுவதற்குள் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மற்ற நாட்களில் தலைப்பாகையோடு நடக்கும்போது எனக்கு வருகிற மிடுக்கு, அன்று அது இல்லாமல் நடக்கும்போதுதான் அதிகமாக இருந்தது.

சித்திரையில் கண்காட்சி நடந்தது. வாசலில் வாழை கட்டி, தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரர்கள், வயல்காரர்கள், சபைக்காரர்கள், எங்கள் நிழல்தாங்கல்காரர்கள் என்று ஊர் திரண்டு வந்துவிட்டது. சொர்ணம்மாள் தன் அண்ணன்மாரை அழைத்துக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள். நான் புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு தூணோரமாக நின்றேன்.

"ஒங்க படம் எங்க? சந்தை பூரா தமுக்கடிச்சியள்லா?" என்று வந்து நின்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் முத்துநாயகம் வந்தார். என் பழைய துணியை வெளுத்து, நான் கட்டிவிட்ட மாதிரியே தலையில் கட்டியிருந்தார். அதை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நேராகத் தன் படத்தின் கீழே போய் நின்றார். 'அமர்ந்தவர்: முத்துநாயகம். வரைந்தவர்: பகவதியப்பன்' என்று எழுதியிருந்தது. ஜனங்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்போது பகவதியப்பன் உள்ளே வந்தார். அவரோடு பண்ணை வீட்டுக் குடும்பத்துப் பெரியவர்களும் வந்தார்கள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. வந்தவர்கள் முத்துநாயகத்தின் தலையைப் பார்த்தார்கள். பகவதியப்பன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முத்துநாயகத்தின் கை பழக்கத்தில் எழும்பித் தலைப்பாகைக்குப் போனது.

கை முடிச்சைப் பிடித்தது. பிடித்து, இறுக்கி, நேராக்கிவிட்டு இறங்கியது. இடுப்புக்கு எதுவும் இறங்கவில்லை.

"கேக்கேன்லா, ஒங்க படம் எங்க?" என்று சொர்ணம்மாள் என் தோளை இடித்தாள்.

"அந்தா நிக்கி பாரு" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். நான் சுவரைக் காட்டவில்லை என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு முத்துநாயகத்தை மேலும் கீழும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "தலப்பாக் கெட்டு ஒங்களுதுதான். நல்லாத்தான் இருக்கு" என்றாள். என் மச்சான்மார், சந்தைக்காரர்கள் எல்லாரும் கேட்கும்படி அதை அவள் சத்தமாகவே சொன்னாள்.